மூன்று சீட்டும் ஒரு முறைத் தண்ணீரும்

மூன்று சீட்டு ஆட்டத்தை முரசுமோட்டைக் குடியேற்றத்தில் புகுத்தியவன் நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அப்போது பெருமைப்பட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றவர்கள் நாங்கள். குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். மதகு திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேரும்வரை மருத மரத்தடியில் காத்திருப்போம். முந்நூற்றுநாலு என்ற நீண்ட சீட்டாட்டத்தைத் தொடங்கினால் பாதியில் தண்ணீர் வந்துவிடும். ஆட்டமும் கெட்டு, சண்டையும் வரும். அதற்காகத்தான் இந்தச் சுருக்க ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

சீட்டுப் போட முன்னரே ஆளுக்கொரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். மூன்று சீட்டு வரும். பார்த்த பிறகு இரண்டே வழி. இன்னொரு கொட்டை வைத்து நிற்கலாம். அல்லது வைத்ததை விட்டுவிட்டுச் சீட்டைக் கவிழ்க்கலாம். ஏற்றிக் கேட்பது, கையில் ஒன்றுமில்லாமல் வெருட்டுவது எல்லாம் கிடையாது. நின்றவர்கள் உடனே விரித்துக் காட்ட வேண்டும். மூன்றும் ஒரே எண் என்றால் அதுதான் பெரிது. அதற்குக் கீழே தொடர்ந்து வரும் மூன்று, பிறகு ஒரே இனத்தில் மூன்று, பிறகு சோடி. ஒரு வெற்றிலை மடிப்பதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

கொட்டைக்கு ஆடி அலுத்துப்போய், தண்ணீர் முறையையே வைக்கத் தொடங்கினோம். முதலில் அரை முறை. நிற்பதென்றால் மற்ற அரையும். தோற்றவன் தன் வயல் வாயைத் தானே மண் வெட்டிப்போட்டு அடைக்க வேண்டும். வென்றவன் ஒரு சுருட்டுப் பிடித்து முடித்துவிட்டுப் போய்த் தோற்றவனுக்கே அதைத் திறந்துவிடுவான். இந்தக் கடைசிப் பகுதியை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

என் மனைவியின் தம்பிக்கு வாய்க்காலின் கடைசிக் காணி. என் முறை முடிந்துதான் அவன் முறை. கோடைச் சிறுபோகம், நெல் கதிர் வெளிவர முந்திய குடலைப் பருவத்தில் நின்றது. அன்று அவன் நாலு பேருக்கு முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அத்தான்ரை விளையாட்டிலை மூளைக்கு வேலையில்லை."

நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது. சீட்டைப் போட்டேன். அவன் கைக்கு ராசாச் சோடி வந்திருந்தது. துணிந்து முழு முறையையும் வைத்து நின்றான். நான் நாலு, ஐந்து, ஆறு என்று விரித்தேன்.

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தன் வயல் வாயை அடைத்துவிட்டு, வரம்பில் குந்தியிருந்து என்னையே பார்த்தான். நான் ஒரு சுருட்டு முடித்தேன். இன்னொன்றைப் பற்றவைத்தேன். அவன் வந்து கேட்கட்டும் என்றிருந்தேன். அவன் கேட்கவில்லை. நான் எழும்பவில்லை. அவன் முறைத் தண்ணீர் முழுவதும் என் வயலுக்குள்ளேயே பாய்ந்து முடிந்தது.

தம்பிக்குத் தண்ணீர் விட்டீர்களா என்று மனைவி கேட்டாள். ஆட்டம் ஆட்டம்தான், அடுத்த முறை வராமலா போகும் என்றேன். அடுத்த முறை வரவில்லை. குளம் வற்றிவிட்டது, இனித் திறக்க முடியாது என்று நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். என் நெல் அந்தத் தண்ணீரில் தப்பிப் பிழைத்தது. அவனுடையது மணி பிடிக்காமல் வெறும் சப்பி. இரண்டு சின்னப் பிள்ளைகள் அவனுக்கு.

என் வயல் அரிவு வெட்டுக்குக் கூலிக்காரர் வந்தார்கள். அவர்களுக்கு நடுவே அரிவாளோடு அவனும் நின்றான். போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வா என்று சொல்லவும் வரவில்லை. மத்தியானம் வரை குனிந்த தலை நிமிராமல் வெட்டினான். மற்றவர்களை விடக் கூடவே வெட்டினான்.

சாப்பாட்டு நேரம் மனைவி அவனை உள்ளே கூப்பிட்டாள். அவன் முற்றத்தில் கூலிக்காரரோடு போய் இருந்துகொண்டு, "அக்கா, எனக்கும் அவையளோடை போடுங்கோ" என்றான்.

போட்டாள். பிறகு தனக்கும் ஒரு இலையில் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு போய், அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து சாப்பிட்டாள். நான் உள்ளே மேசையில் தனியாக இருந்தேன். அதன்பிறகு சாகும்வரை அவள் எனக்குச் சமைத்துப் போட்டாள், காய்ச்சலில் பக்கத்தில் இருந்து பார்த்தாள். என்னோடு இருந்து ஒருநாளும் சாப்பிடவில்லை.