உடைந்த மணியோடு உள்மலையாரிடம்

பங்குனி வெயிலில் முப்பது ராத்தல் வெண்கலத்தைத் தோளில் சுமந்துகொண்டு யாரும் ஊர் பார்க்கப் போவதில்லை. நானும் ஊர் பார்க்கப் போகவில்லை. ஆனால் போய் வந்தது தெரிந்ததும், நம் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கிற நாலைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள்: உள்மலையார் குடியிருப்புக்கு எப்படிப் போவது, எதை உடைத்தாலும் நிஜமாகவே ஒட்டித் தருகிறார்களா? ஒட்டித் தருகிறார்கள். அதற்கு முன்னால் நம்மைக் கொஞ்சம் பிரித்துப் போடுகிறார்கள். தோள் இன்னும் வீங்கியிருக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் காரணம். அப்பா வேலூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் குமாஸ்தா. அதன் வாசலில் தொங்கும் மணியை அங்குள்ள வாட்ச்மேன் கௌஸ் பாய் அடித்தால் ஆள்கள் வருவார்கள், சாயந்திரம் ஐந்துக்கு அடித்தால் போவார்கள். திங்கட்கிழமை நாலு மணிக்கு அவர் தொழுகைக்குப் போயிருந்த சமயம், நான் அந்த ஐந்து மணியை அடித்துவிட்டேன். அடிக்கிற மரக்கட்டை அவர் அறையில் பூட்டியிருந்தது. கீழே ஓர் இரும்புச் சுத்தியல் கிடந்தது. சுண்ணாம்புக் குழியில் நின்றிருந்தவர்கள்கூடக் கைகால் கழுவி, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் ஆவாரம்பட்டை மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தேன்.

ஐந்து மணிக்கு கௌஸ் பாய் மரக்கட்டையால் அடித்தபோது மணி "லொட்" என்றது. விளிம்பிலிருந்து நாலு விரல் நீளத்துக்கு விரிசல். மணி அவர் பொறுப்பு, ஆகவே நாலுக்கு அடித்தவரும் அவர்தான், சுத்தியலால் உடைத்தவரும் அவர்தான் என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். "நான் அடிக்கல சாப்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை பகலுக்குள் மணி பழையபடி ஒலிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வாசல் அறையையும் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. அந்த ஓர் அறையில்தான் அவரும் அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மணி அடித்தவன் நான், அடி வாங்கியவர் அவர். உண்மையைச் சொல்லாமலே காரியத்தைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த மணி பழைய நாளில் உள்மலையார் வார்த்தது. அவர்களிடம் நானே எடுத்துப் போகிறேன் என்றதும், அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று.

வியாழன் காலை ஏழு மணிக்கு வேலூரில் பஸ் ஏறினேன். மாதனூருக்கு இருபத்து மூன்று மைல், எனக்கு ஐந்தணா, மணிக்கு இரண்டணா. கோணியைத் தூக்கிப் பார்த்த கண்டக்டர், "இன்னா தம்பி, கோயிலத் திருடினியா, கோபுரத்த விட்டுட்ட?" என்றார். வேறு நாளாயிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன். அன்று வரவில்லை. பள்ளிகொண்டாவில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். பஸ்ஸில் இருந்த இருபது பேரில் பத்தொன்பது பேர் இறங்கிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தார்கள். நான் மணிக்குக் காவல் இருந்தேன்.

மாதனூரில் இறங்கும்போது பத்தரை. அங்கிருந்து ஆற்றைக் கடந்து இரண்டு மைல் நடை. பாலாறு பேருக்குப் பால், காலுக்கு மணல். ஒவ்வொரு அடிக்கும் அரை அடி பின்னால் இழுக்கும். ஆறு இடத்தில் கோணியை இறக்கி வைத்தேன். வண்டி கேட்டால் ஆறணா சொல்வார்கள், யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

குடியிருப்பு என்றதும் தெரு, வீடு என்று தேடாதீர்கள். கைவிடப்பட்ட ஒரு தோல் ஷாப்பின் ஊறல் குழிகளுக்கு மேல் ஓலையும் பச்சைத் தோலும் போட்டு மூடி, அதற்குள் இறங்கி வாழ்கிறார்கள். மலைக்கு உள்ளே, இருட்டில், தலைமுறை தலைமுறையாக உலோக வேலை செய்தவர்கள். ரயில் பாதைக்கு ஜல்லி எடுக்க மலையைப் பிளந்தபோது, ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி வெளியே நடந்து வந்தார்களாம். இன்றைக்கும் பகலில் மேலே ஏறினால் கண்ணில் கறுப்புத் துணிதான். உயரம் என் தோளளவு. விரல்கள் மட்டும் என்னுடையதைவிட ஒரு கணு நீளம்.

அவர்களுக்குப் பெயர் என்பது தட்டுகிற ஓசை. என் வேலையை எடுத்துக்கொண்டவளுக்குப் பெயர் இரண்டு சின்னத் தட்டு, ஒரு பெரிய தட்டு. மாதனூர்க்காரர்கள் அவளைத் தட்டம்மா என்கிறார்கள். அம்மா என்று சொல்கிற வயதில்லை, என் அக்கா வயதுதான். அக்கா என்றே கூப்பிட்டேன்.

மணியைப் பார்க்கவே இல்லை அவள். மடியில் வைத்துக்கொண்டு, எப்படி உடைந்தது என்று கேட்டாள். நான் தயாராகத்தான் போயிருந்தேன். மாடு முட்டியது என்றேன். எந்தப் பக்கம், கொம்பாலா நெற்றியாலா, மணி தொங்கியதா தரையில் இருந்ததா என்று கேட்டுக்கொண்டே போனாள். கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம். மாட்டுக்கு நிறம்கூடக் கொடுத்தேன்.

இங்கேதான் அவர்களுடைய முறை வருகிறது. இருட்டில் ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்க்க முடியாது. அதனால் வேலையை ஒரு வாக்கியமாக்கி முதல் ஆள் சொல்ல, அடுத்தவர் அதை அப்படியே சொல்ல, வரிசை முழுக்கப் போய் மாறாமல் திரும்பி வந்தால்தான் கருவியைத் தொடுவார்கள். வெளிச்சத்துக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. குழி குழியாக நாற்பது வாய், குழந்தைகள் உட்பட, ஒரே குரலில் சொன்னது: "செவலை மாடு. நெற்றியால். வெளியிலிருந்து. ஒரு தடவை." நான் சிரிப்பை அடக்க முழங்காலைக் கடித்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி கம்பங்கூழ் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. படுத்ததும் தூங்கிப்போனேன்.

வெள்ளிக்கிழமை காலை உலை மூட்டினார்கள். மலையிலிருந்து கொண்டுவந்த வெண்கலக் கட்டி ஒன்று, தேங்காய் மூடி அளவுக்கு, அவர்களிடம் மிச்சம் இருக்கிறது. பழைய மலை வேலைக்கு அது மட்டும்தான் ஒட்டும். அதில் பாதியை வெட்டி உருக்கினாள். மணியைச் சூடாக்கி, உள்ளிருந்து வெளியே நெருக்கினார்கள், மாடு உள்ளே தள்ளியதை வெளியே தள்ளுகிற மாதிரி. சுடச்சுட ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி. விரிசல் இன்னும் இரண்டு விரல் மேலே ஓடியிருந்தது. ஊற்றிய வெண்கலம் அடுப்புச் சாம்பலில் ஒழுகிப் பாழானது.

அவள் கோபப்படவில்லை. ஆறும்வரை காத்திருந்து, விரிசலின் மேல் கட்டைவிரலை மெதுவாக நகர்த்தினாள்.

"மாடு இல்ல. இரும்பு அடிச்சுது. இது ஓடுற விரிசல். முதல்ல முனையில துளை போட்டு நிறுத்தியிருக்கணும்" என்றாள். பிறகு, "மிச்சம் இன்னும் ஒரு வாட்டிக்குத்தான் இருக்குது. வேற மாடு எதுனா இருக்குதா?"

கேலி இல்லை. அவர்களுக்குக் கேலி தெரியாது. நிஜமாகவே கேட்டாள்.

மழைக்காலம் வரை வெடி வைக்க மாட்டோம் என்று ஜல்லிக் காண்டிராக்டர் சொன்ன வாக்கியமும் இப்படித்தான் வரிசை முழுக்கப் போய் மாறாமல் திரும்பி வந்ததாம். மூன்றாம் நாள் வெடித்தது. அன்று வரிசையில் நூற்றுக்கு மேலே இருந்தார்கள். வேலை நேரம் பற்றிச் சொல்வது போல அதைச் சொல்லி முடித்தாள். அப்புறமும் ஏன் கேட்டதை நம்புகிறீர்கள் என்றேன். நம்பாமல் எப்படி வேலை செய்வது என்று திருப்பிக் கேட்டாள்.  மறுபடி பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

சொன்னேன். எந்தக் கை, எத்தனை அடி, எங்கே நின்றாய் என்று அதே பொறுமையோடு கேட்டாள். மணிக்குப் பொறுப்பானவர் அப்போது எங்கே என்றாள். கடைசியாக ஏன் என்றாள். சிரிக்கறதுக்கு என்றேன். அது என் பெயரோடு வரிசையில் போனது. "வலது கை. இரும்புச் சுத்தியல். விளிம்பில் மூன்று அடி. காவல்காரர் அங்கே இல்லை. சிரிப்பதற்காக." நாற்பது வாய். நேற்று மாட்டைச் சொன்ன அதே குரலில், ஒருவர்கூட என் பக்கம் திரும்பாமல். கடைசிக் குழியில் ஒரு சின்னப் பெண், மழலையில், "சிரிப்பதற்காக" என்று முடித்தாள். என் பதினைந்து வயதில் இவ்வளவு களைப்பாக நான் இருந்ததில்லை.

விரிசலின் முனையில் மிளகளவு துளை போட்டு, மிச்சக் கட்டியை ஊற்றி, மணலில் புதைத்து ஆறவிட்டார்கள். பொழுது சாயும்போது தட்டிக் காட்டினாள். பழைய ஒலிதான்.

நான் கோணியைக் கட்டும்போது அவளும் கறுப்புத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். வாக்கியம் பாதியில் நிற்கக் கூடாதாம், பொருளுக்கு உரியவர் காதில் போய்ச் சேர்ந்தால்தான் வேலை முடிந்ததாம். நானே சொல்லிவிடுகிறேன் அக்கா என்று கெஞ்சினேன். "நீ சொன்னா மாடு வந்துடும்" என்றாள். இதுவும் கேலி இல்லை.

சனிக்கிழமை முதல் பஸ். அவள் பஸ்ஸில் ஏறுவது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் முன் கம்பியை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் வாக்கியத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

ஷாப்புக்குப் போனபோது மணி பதினொன்று. வாசலில் ஒரு கைவண்டி நின்றது. அதில் கௌஸ் பாயின் பாயும் பாத்திரமும் கட்டி ஏற்றியிருந்தது. முதலாளியும் அப்பாவும் வெளியே வந்தார்கள். தட்டம்மா, உரியவர் யார் என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு, வாக்கியத்தைச் சொன்னாள். முதலில் என் பெயர், பிறகு மற்றதெல்லாம். மேலும் ஒரு சொல் இல்லை. முதலாளி என்னையும் பார்க்காமல் கௌஸ் பாயையும் பார்க்காமல், மணியை மாட்டச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கௌஸ் பாய் அவள் பக்கத்தில் வந்தார். "மா, கடைசியில சிரிக்கறதுக்குன்னியே, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னியே. அத இன்னொரு தபா சொல்லு மா."

"காவல்காரர் அங்கே இல்லை."

"இன்னொரு தபா."

சொன்னாள். அவர் கைவண்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஆறு நாளாக அவர் சொல்லிக்கொண்டிருந்தது, முதல் தடவையாக இன்னொருவர் வாயிலிருந்து வந்தது. மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவையும், அலுக்காமல், அதே குரலில் சொன்னாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அதே வாசல் அறையில்தான் இருக்கிறார், இன்றுவரை என்னோடு பேசவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மொத்தச் செலவு எனக்கு, அவளுக்குப் போக வரச் சேர்த்து, ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்தது. கூலியாகக் காசு வாங்க மாட்டார்கள், அரிசியும் எண்ணெயும் கொண்டுபோங்கள். தண்ணீரும் கொண்டுபோங்கள், ஆற்றில் கிடையாது. மலை வெண்கலம் தீர்ந்துவிட்டது, ஆகவே பழைய மணி, பழைய விளக்கு எதையும் இனித் தூக்கிப் போக வேண்டாம். என் மாடு தின்றுவிட்டது. கத்தி, பூட்டு, தராசு எல்லாம் இன்னும் செய்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் உடைத்ததற்கு வேறு யாராவது திட்டு வாங்கிக்கொண்டிருந்தால், முதலில் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு அப்புறம் பஸ் ஏறுங்கள். நான் பஸ் ஏறிவிட்டேன்.