மாதம் பதினைந்து நடை

இன்றைக்கு மருதனார்மடம் சந்தையில் கலியாணத் தரகர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, மாப்பிள்ளை பகுதிக்கு உங்கடை மகளைப் பிடிச்சிருக்கு. சீதனமா வீடும் ஒரு லட்சமும் கேக்கினம்."

"நான் லொறி ஓடுறவன். லட்சத்துக்கு எங்கை போறது?"

"என்ன கதை இது! கொழும்புக்கு மாதம் பதினைஞ்சு நடை ஓடுறனெண்டு தேத்தண்ணிக் கடையிலை நீங்கள்தானே சொன்னனீங்கள்? மாப்பிள்ளை வீட்டுக்காரர் நடைக்கூலியைப் பதினைஞ்சாலை பெருக்கிப் பாத்திட்டினம்."

சொன்னது நான்தான். மகளுக்கு நல்ல இடம் அமையட்டும் என்று கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தேன்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். சோதனைச் சாவடிக்குச் சாவடி வெங்காய மூட்டைகளை இறக்கி ஏற்றிப் போய்வர ஒரு கிழமை ஆகிறது. மாதம் நாலு நடை ஓடினால் அதுவே அதிர்ஷ்டம். வழியில் அழுகிய வெங்காயத்தின் விலையையும் முதலாளி என் கூலியில்தான் கழிப்பார்.

தரகர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சீதனத்தைக் குறைக்க உப்பிடியும் பொய் சொல்லுவியளோ, அண்ணை?"

என் பொய்யை ஊரே சும்மா நம்பியது. உண்மைக்குத்தான் சாட்சி கேட்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, நான் ஏழைதான் என்று சத்தியம் பண்ண யார் தயார்?

என்ரை மனிசி முதல் ஆளாய்ப் பேர் குடுத்திட்டா.