பச்சை அடித்த வண்டி

புன்லெர்டின் பழைய பிக்கப் வண்டி, சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு ஊமையாகிவிடும். எல்லா நாளும் இல்லை. வடக்குத் தாய்லாந்தின் லாம்பூனில் லோங்கன் பழம் பறிக்கும் பருவத்தில், கூடைகளை ஏற்றி முடித்த பிறகுதான் அதற்கு அந்தப் பிடிவாதம் வரும்.

வேலிக்கு அப்பால் இருக்கும் இன்கேவ் அந்த 'டக்'கைக் கேட்டுவிடுவான். ஒட்டரிசிச் சோற்று உருண்டையை மென்றுகொண்டே வருவான். பின்னாலேயே அவன் மனைவி வான்பென்னும். இருவரும் தள்ள, புன்லெர்ட் இரண்டாவது கியரில் கிளட்சை விடுவார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும். தன் மனைவி இறந்த பிறகு அவரிடம் யாராவது நாலு வார்த்தை பேசினார்கள் என்றால் இப்படித் தள்ளும்போதுதான்.

"பெயின்ட் அடிச்சதுலேர்ந்து இதுக்கு மினுக்கு கூடிப்போச்சு அண்ணே," என்பாள் வான்பென்.

வண்டி முன்பு நீலம். மனைவி தேர்ந்தெடுத்த நிறம். அவள் இறந்த வருஷம், ஞாயிற்றுக்கிழமை பிறந்தவனுக்கு நீலம் ஆகாது, பச்சைதான் சேரும் என்றார் கோயில் பிக்கு. ஊரில் மற்றவர்கள் என்றால் 'இந்த வண்டி பச்சை' என்று அச்சடித்த ஸ்டிக்கரை நீல வண்டியின் முதுகில் ஒட்டிவிட்டு நிம்மதியாகப் போவார்கள். புன்லெர்டுக்கு அது ஒப்பவில்லை. பொய்யை ஒட்டிக்கொண்டு ரோட்டில் போவதா? சாமான்களைக் கழற்றி, பானெட்டுக்கு அடியில்கூட ஓர் இடம் விடாமல் தானே பச்சை அடித்தார்.

ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பலமுறை இறக்கிவிட்டார். மேசைமேல் வைத்து பேட்டரியில் தொட்டால் பம்பரமாகச் சுற்றியது. உள்ளே தேய்ந்த கார்பன் பிரஷ்களை மாற்றினார், பேட்டரியையே மாற்றினார். சில நாள் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடி 'டக்'. மேசையில் சுற்றுவது வண்டியில் சுற்றவில்லை என்றால் குற்றம் மோட்டாரில் இல்லை, மின்சாரம் போய்வரும் வழியில்.

மழையால் பறிப்பு நின்ற ஒரு நாள், பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சினுக்கு நேராக ஒரு தடித்த வயரைப் பிடித்துச் சாவியைத் திருப்பினார். உடனே கிளம்பியது. வயரை எடுத்தார், 'டக்'. எர்த் வயர் பாடியில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்தார். வயரின் வளையத்துக்கு அடியில் பளபளவென்று, மின்சாரத்தை மறித்துக்கொண்டு, அவர் அடித்த பச்சை. இத்தனை நாள் போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

கத்தியால் சுரண்டினார். பச்சை உதிர்ந்தது. ஓரத்தில் நீலம் வந்தபோது கை கொஞ்சம் நின்றது. பிறகு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கினார்.

மறுநாள் வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. இன்கேவ் வேலிக்கு அப்பாலிருந்து கையை உயர்த்திவிட்டு உள்ளே போனான். அடுத்து வந்த காலைகளும் அப்படியே. கூடைகளை இறக்கிவிட்டு வீடு திரும்பினால், மறுநாள் கிளம்பும்வரை தன் குரலே அவர் காதில் விழுவதில்லை.

ஒரு காலை அவர்கள் வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தார். சத்தம் நின்றதும் இன்கேவ் வந்துவிட்டான்.

"என்ன அண்ணே, மறுபடியுமா?"

"பச்சையம்மா பழைய புத்தியைக் காட்டிட்டாளா?" என்று வான்பென்னும் வந்தாள். இருவர் கையும் அதற்குள் பின்கதவில் இருந்தது.

சும்மா வந்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சும்மா ஒரு வீட்டுக்குப் போய் அவருக்குப் பழக்கமில்லை.

"ஆமா," என்றார். "கொஞ்சம் தள்ளு."

முழுதாகத் திருப்பினால் கிளம்பிவிடும் என்று சாவியைப் பாதியோடு நிறுத்தி, இரண்டாவது கியரைப் போட்டுக்கொண்டார்.