வெடிப்புக்குள் எட்டிப் பார்க்கும் வெயிலம்மாள்

செல்போன் விளக்கைக் கரிசல் வெடிப்புக்குள் அடித்து, கன்னம் மண்ணில் படக் குனிந்து பார்க்கிறார் வெயிலம்மாள். பட்டப்பகல். ஆவணி வெயில். நிலம் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கிறது. ஓடைக்கரை உடைமரத்தடியில் அவர் தேடுவது தண்ணீர்விட்டான் கிழங்கு.

"இருக்கு அண்ணாச்சி. வெள்ளையா ஒரு வெரலு தெரியுது," என்கிறார் என்னிடம். காலையிலும் இதையேதான் சொன்னார்.

பசுவந்தனைப் பக்கம் இவருக்கும் புருஷனுக்கும் கொஞ்சம் மானாவாரி நிலம். உளுந்தும் சோளமும் போடுவார்கள். தண்ணீர்விட்டானை யாரும் போடவில்லை. குருவி தின்று கழித்த விதை. கொடி உடைமரத்தைப் பற்றி ஏறும். இலை ஊசி ஊசியாக இருக்கும், தண்டிலும் முள். கோடையில் தரைக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. மழை விழுந்தால் குருத்து கிளம்பும். அடியில் விரல் விரலாகக் கொத்துக் கிழங்கு. ஒரு பக்கம் மட்டும் பறித்து, மறுபக்கத்தைத் தொடாமல் மண் அணைத்துவிட்டால் கொடி பிழைக்கும். முறை வெயிலம்மாளுக்குத் தெரியும். பொறுமைதான் கிடையாது.

உலை கொதிக்குமுன் மூடியைத் திறப்பார். அடைகாக்கும் கோழியைத் தூக்கி முட்டையைக் காதில் வைத்துப் பார்ப்பார். பஸ் வருகிறதா என்று நடுரோட்டில் போய் நிற்பார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் தொழிற்சங்கக் கூட்டத்துக்கு முதல் ஆள் அவர்தான். தீர்மானத்தை வாசித்து முடிக்குமுன் கையைத் தூக்கிவிடுவார். எதற்குத் தூக்கினோம் என்று அப்புறம் பக்கத்து ஆளிடம் கேட்பார்.

கரையில் மூன்று கொடிகள் இருந்தன. கிழங்கு பருத்துவிட்டதா என்று போன வருசம் ஒன்றைத் தோண்டிப் பார்த்து மூடினார். மறுவாரமும் தோண்டினார். அது காய்ந்தது. அடுத்ததற்கு மண் காய்கிறதே என்று குடம் குடமாக ஊற்றினார். கரிசல் தண்ணீரைப் பிடித்தால் லேசில் விடுமா? அது அழுகியது. மிச்சம் ஒன்று.

அந்த ஒன்று உமாராணிக்கு. கழுகுமலையில் கட்டிக்கொடுத்த மகள். மார்கழியில் இரண்டாவது பேறுகாலம். முதல் பிள்ளைக்குத் தாய்ப்பால் போதாமல் பவுடர் பால்தான். சம்பந்தி வீட்டில் அதைச் சொல்லிக் காட்டினார்கள். இந்தக் கிழங்கைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தால் சுரக்கும் என்பது வெயிலம்மாளின் நம்பிக்கை. நாட்டுமருந்துக் கடையில் பொடி கிடைக்குமே என்றேன்.

"கடைப் பொடியில என்னத்தக் கலந்திருக்கானோ, எவன் கண்டான்? நம்ம மண்ணுல கெடக்கத, கண்ணால பாத்துப் பறிக்கணும்."

அந்தப் பார்ப்பதில்தான் வில்லங்கம். வெடிப்பை விரலால் அகட்டுகிறார். காற்றும் வெயிலும் இறங்கினால் கிழங்கு வற்றிவிடும். பொறு பொறு என்று ஏழைக்கு உபதேசம் செய்கிற கூட்டத்தை எனக்குப் பிடிக்காது. ஆனால் இதற்குப் பொறுக்கத்தான் வேண்டும்.

அவர் தலை மறைந்ததும் புருஷன் கண்ணுசாமி வந்து பொடிமண் போட்டு வெடிப்பை அடைப்பார். அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் உடைமுள்ளை வெட்டிவந்து கொடி இருந்த இடத்தைச் சுற்றி அடைத்தார். ஆட்டுக்கா என்று கேட்டேன்.

"ஆடுன்னா வெரட்டிருவேன் அண்ணாச்சி. இது இவளுக்கு."

"என்னையக் கட்டிப் போட வேண்டியதுதான?" என்றார் வெயிலம்மாள்.

"கயிறுதான் அத்துப்போவும்."

ஐப்பசியில் மழை பிடித்தது. கரிசலில் கால் வைத்தால் செருப்பை மண் வாங்கிக்கொள்ளும். வெளியே போக முடியாமல் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தார் வெயிலம்மாள். கொடி செத்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும், பிழைத்திருந்தாலும் தெரிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மழை விட்டு வெறித்த காலையில் வெறுங்காலோடு ஓடைக்கு விரைந்தார். பின்னாலேயே கண்ணுசாமியும் நானும்.

வெடிப்பு மூடியிருந்தது. முள்ளடைப்புக்கு நடுவே சுண்டுவிரல் பருமனில் ஒரு குருத்து, தலை லேசாகக் கவிழ்ந்து நின்றது.

வெயிலம்மாள் சேற்றில் உட்கார்ந்து, முள்ளுக்குள் கையை விட்டார். குருத்தடி மண்ணில் விரல் பட்டது.

"அடியில எப்படி இருக்குன்னு ஒரே ஒரு தடவ..."

முடிக்கவில்லை. கையை வெளியே இழுத்தார். முள் கீறிய அந்தக் கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.