கள்ளிக்கு வார்த்த அரிசித் தண்ணீர்

ரொறன்ரோவின் மில்லிக்கனில் எங்கள் வீட்டு வாசல் யன்னலோரம் நின்ற கள்ளிக்கு ஒதுங்கி நின்றுதான் நாலு மாதமாக வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டேன். தூண் போல நெடுகலாய், என் தோளளவு உயரம். பக்கத்து வீட்டு லிண்டா குளிருக்குப் புளோரிடாவிலுள்ள தங்கையிடம் போகும்போது எங்களிடம் விட்டுப் போனது. இறந்துபோன அவருடைய கணவர் முப்பது வருடத்துக்கு முன் வைத்ததாம். "ஒன்றும் செய்ய வேண்டாம். தண்ணீரும் வேண்டாம்" என்று இரண்டு தரம் ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்கு நிம்மதி. இரண்டு வேலை செய்கிறவனுக்கு மூன்றாவது எதற்கு? ஊரில் கள்ளி வேலியோரம் தானாக நிற்கும், யாரும் வளர்ப்பதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவர் "ஒன்றும் வேண்டாம்" என்றால், தேத்தண்ணி வை என்றுதானே எங்களுக்கு அர்த்தம். என் மனைவி வசந்தியும் அப்படித்தான் எடுத்தாள்.

"அந்த மனிசி கூச்சத்திலை சொல்லியிருக்கும். ஒரு உயிரைப் பட்டினி போடுறதோ?"

"மரம் வைச்சவன் தண்ணி ஊத்துவான், விடுமப்பா."

"வைச்ச மனிசன் செத்துப்போச்சு. இனி ஆர் ஊத்திறது?"

வாதாட எனக்குத் தெம்பில்லை. வெள்ளிக்கு வெள்ளி அரிசி கழுவிய தண்ணீர் கள்ளிக்குப் போனது. மாசியில் அடி கறுத்து, விரல் பட்டால் அமிழ்ந்தது. "அந்த மனிசின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?" என்று வசந்தி அழுதாள்.

சித்திரையில் லிண்டா வந்தார். அழுகிய அடியைத் தொட்டுப் பார்த்தார், கண் கலங்கியது. பிறகு பாண் வெட்டும் கத்தி கேட்டார். நல்ல பச்சை தெரியும்வரை அழுகலை வெட்டித் தள்ளி, மேல்துண்டை எங்கள் பழைய தமிழ்ப் பத்திரிகையில் கிடத்தினார். வெட்டு காய ஒரு மாதமாகும், ஈரத்தோடு மண்ணில் வைத்தால் திரும்பவும் அழுகும், காய்ந்தால் வேர் வரும் என்றார். "உங்கள் யன்னலில்தான் வெயில், இங்கேயே இருக்கட்டும். இந்த முறை உண்மையிலேயே ஒன்றும் செய்யாதீர்கள்."

நான் கனடாவுக்கு வந்து பார்க்டேலில் இறங்கியது ஒரு வியாழன். திங்கட்கிழமை உணவகக் குசினியொன்றில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். அம்மா செத்த செய்தி வந்த அன்றும் வேலைக்குப் போனேன். காய்வதற்கு ஒரு மாதம் எனக்கு யார் தந்தார்கள்? அந்தக் கள்ளியைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

இன்று காலை வசந்தி செம்பில் தண்ணீரோடு யன்னலடிக்குப் போனாள். கள்ளியின் வெட்டைப் பார்த்துவிட்டுச் செம்பை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீங்கள் குடியுங்கோ. இண்டைக்கு வரேல்லை எண்டு வேலைக்குப் போன் பண்ணுங்கோ."

வாங்கிக் குடித்தேன். கள்ளி கிடந்தது பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தில். 'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட' என்பதுவரை வாசிக்க முடிந்தது. பெயரின் மேல் கள்ளி கிடந்தது.