கினாவின் கல்லாப்பெட்டி

நாம் கை நீட்டுவதற்கு முன்பே மீதிக் காசு தட்டில் விழுந்துவிடும். பல்கேரியாவின் லோவெச் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ரொட்டிக்கடை ஜன்னலில் கினாவின் முகம் பாதிதான் தெரியும். கை முழுதாகத் தெரியும். ‘சில்லறை இல்லை’ என்பதை மற்றக் கடைக்காரர்கள் வணக்கம்போலச் சொல்வார்கள். இருபத்தாறு வருடத்தில் கினா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எதிரே டிக்கெட் கொடுக்கும் எனக்கே சில்லறை அவளிடமிருந்துதான்.

ஜனவரியில் எங்கள் நாட்டுப் பணமான லெவ் போய் யூரோ வருகிறது என்றதும் ஊரே புலம்பியது. கினா புலம்பவில்லை. ஒரு யூரோவுக்கு 1.95583 லெவ் என்று ஐந்து தசமமும் பிசகாமல் மனப்பாடம் செய்தாள். டிசம்பரிலேயே வங்கி வரிசையில் நின்று யூரோ நாணயப் பைகள் வாங்கி வந்து கல்லாவில் ரகம் பிரித்தாள். ஜனவரி முழுக்கக் கடைகள் லெவ்வை வாங்கிக்கொள்ளலாம், மீதியை யூரோவில் தரவேண்டும் என்று உத்தரவு. “புதுசுன்னா என்ன, அதுவும் சில்லறைதானே” என்றாள்.

அவளிடம் ஒரு திருட்டுத்தனம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பிய்க்கிற ரொட்டிக்குள் ஒரு காசு இருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அந்த வருட அதிர்ஷ்டம். காசு இருக்கும் இடத்தில் கினா கட்டைவிரலால் லேசாக அமுக்கி அடையாளம் வைத்து, அந்தத் துண்டைத் தான் நினைத்தவருக்குத் தருவாள். கொழுந்தன் வேலையை இழந்த வருடம் அவனுக்கு வந்தது. அறுவை சிகிச்சைக்குப் போகுமுன் பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு வந்தது. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

இந்த முறை யூரோ வைக்கச் சொன்னார் கணவர் வெல்கோ. ஒரு மாதத்தில் செல்லாமல் போகிற அதிர்ஷ்டம் எதற்கு என்பது அவர் கட்சி. கினா தலையாட்டிக் கேட்டுக்கொண்டே ஒரு லெவ்வை வெள்ளித்தாளில் சுற்றினாள். அது மகள் நெவேனாவின் துண்டில் வந்தது. நெவேனாவுக்கு ஸ்பெயினில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஜனவரி மூன்றாம் தேதி பஸ்.

“ஜனவரி முடிஞ்சா இது செல்லாதேம்மா.”

“அதுவரைக்கும் செல்லுமில்ல? அங்க கொண்டுபோனா ஒருத்தனும் வாங்கமாட்டான். இங்கயே இருந்து செலவு பண்ணிட்டுக் கிளம்பு. நான் தடுக்கல.”

மேஜையைச் சுற்றி இருந்த நாங்கள் அவரவர் தட்டிலிருந்த பீன்ஸைப் பார்த்துக்கொண்டோம். ஏழு வருடமாக நெவேனா இங்கே பத்து நாளுக்குமேல் தங்கியதில்லை. அவள் போனபின் ஒரு வாரம் கினா ரொட்டியில் உப்புப் போட மறந்துவிடுவாள். நாங்கள் அப்படியே தின்போம்.

மூன்றாம் தேதி காலை டிக்கெட் கிழித்துக் கொடுத்தவன் நான்தான். அதில் எனக்கு என்மேலேயே கோபம். நெவேனா பெட்டியை உருட்டிக்கொண்டு போய் ரொட்டிக்கடை வரிசையில் நின்றாள். மனசு கேட்காமல் நானும் பின்னால் போய் நின்றேன். முறை வந்ததும் அந்த லெவ்வைத் தட்டில் வைத்து ஒரு எள்ளு வளைய ரொட்டி கேட்டாள். ஒரு லெவ் ஐம்பத்தொரு சென்ட். விலை நாற்பது சென்ட். மீதி பதினொன்று.

கினா வளையத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். கல்லாவைத் திறந்தாள். உள்ளே சென்ட் நாணயங்கள் அரிசிபோல நிறைந்து கிடந்ததை வரிசையே பார்த்தது. இடுப்பால் ஒரு இடி இடித்துக் கல்லாவை மூடினாள்.

“சில்லறை இல்லடீ” என்று லெவ்வை மகள் பக்கம் தள்ளினாள்.