கோலமாவில் எழுப்பிய சுவர்

பேய், காத்து, கருப்பு என்று எதையும் நான் நம்பியவன் இல்லை. யாராவது இந்த மாதிரி அனுபவத்தைச் சொல்ல ஆரம்பித்தாலே எந்த வருஷம், என்ன கிழமை, கூட யார் இருந்தார்கள் என்று குறுக்குக் கேள்வி போட்டு, பாவம், பாதியிலேயே நிறுத்த வைத்துவிடுவேன். அதே கேள்விகளை இப்போது நீங்கள் என்னைக் கேட்கலாம். மெட்ராஸ் சென்னையானதற்கு அடுத்த மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. தேதியும் தெரியும், சொல்லமாட்டேன். தேதிகளைச் சேர்த்து வைப்பதையே பிழைப்பு மாதிரி செய்தவன் ஒரு தேதியை மறைக்கிறேன் என்றால், பயத்தினால் இல்லை, வெட்கத்தினால்.

அப்போதெல்லாம் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆபீஸ் நண்பர்கள் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு மயிலாப்பூரைச் சுற்றிக் காட்டுவேன். கோயில், குளம், மாதா கோயில், கடைத்தெரு என்று எல்லாம் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. சாந்தோமைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டைச் சுவர் இருந்தது. போர்த்துக்கீசியர் கட்டியது. இடித்து முந்நூறு வருஷம் ஆகிறது. பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு, அது எந்தச் சந்தின் குறுக்கே போயிருக்கும் என்று கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு பைத்தியம்.

வெறும் வாயால் சொன்னால் யாருக்கும் மனதில் பதியவில்லை. அதனால் அன்றைக்கு ஒரு யோசனை தோன்றியது. மனைவியின் கோலமாவு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"கோலமாவ எடுத்துண்டு எங்க கிளம்பறேள்? ஊரார் வாசலுக்கெல்லாம் கோலம் போடப் போறேளா?" என்றாள் அவள்.

"கோட்டை கட்டப் போறேன்" என்றேன்.

கடலுக்குப் பக்கத்துச் சந்து அது. பெயர் வேண்டாம். தரையெல்லாம் காற்றில் வந்து படிந்த கடல் மணல். வடக்கே போனால் மீனவர் குப்பம், தெற்கே வந்தால் மாதா கோயில். என் கணக்குப்படி வடக்குச் சுவரின் வாசல் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். நண்பர்களைச் சுவருக்கு உள்பக்கமாக நிறுத்திவிட்டு, சந்தின் இரண்டு ஓரத்திலிருந்தும் கோடு இழுத்து, நடுவில் வாசலுக்காக ஓர் ஆள் நுழையும் இடம் விட்டேன். "இது சுவர், இது கதவு, பொழுது சாய்ந்தால் இப்படிச் சாத்திவிடுவார்கள்" என்று சொல்லி, கொஞ்சம் நாடக பாணியில், அந்த இடைவெளியையும் ஒரே இழுப்பில் மூடினேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

தலையை நிமிர்த்தினால் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நிற்கிறாள். இடுப்பில் மீன்கூடை. புடவை முழங்கால்வரை நனைந்து கிடந்தது. குப்பத்திலிருந்து வருகிறாள் என்று நினைத்தேன். அதில் அதிசயம் என்ன இருக்கிறது?

"இன்னா நைனா, மூட்டியா?" என்றாள்.

நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டுக் கேலி செய்கிறாள் என்றுதான் எல்லோரும் சிரித்தோம். நானும் விடாமல், "மூடியாச்சும்மா. விடிஞ்சாதான் தொறப்போம். ராஜாங்க உத்தரவு" என்றேன்.

"உள்ள என் கொயந்த கீது நைனா. இப்பத்தான் நட பயிலுது. தனியா வுட்டுட்டு வந்துகிறேன். கொஞ்சம் தொற நைனா."

சைதாப்பேட்டை தாமோதரன் எங்கள் கோஷ்டியின் வாயாடி. "வாத்யாரே, நீ நடிச்சத வுட அந்தம்மா சூப்பரா நடிக்குது! வுட்றாத" என்றான்.

விடவில்லை. கையை நீட்டி, "உத்தரவுன்னா உத்தரவுதான்" என்றேன்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள், கோட்டை ஒட்டி உட்கார்ந்தாள், முந்தானையை இழுத்துத் தலையோடு காதையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். ராத்திரிப் பனிக்குப் போர்த்திக்கொள்கிற மாதிரி. காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது, எங்களுக்கெல்லாம் சட்டை முதுகோடு ஒட்டுகிறது, அவளுக்கு உடம்பு நடுங்குகிறது. பார்த்தேன். காய்ச்சலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு தெற்கே நடந்தேன். கோட்டை அழிக்கத் தோன்றவே இல்லை.

மாதா கோயிலில் மெழுகுவத்திக் கடைகளைத் தாண்டும்போது குழந்தை அழும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, கூட்டம், யாருடைய குழந்தையோ என்று விட்டுவிட்டேன். கச்சேரி ரோட்டில் நாட்டுமருந்துக் கடை வாசலிலும் கேட்டது. மாட வீதியில் காய்கறிக்காரர்கள் கூவுகிற கூச்சலுக்கு நடுவிலும் கேட்டது. அதே குரல், அதே தூரம், எங்களுக்குக் கொஞ்சம் பின்னால். தாமோதரன் பூக்கடைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். "ஏதாவது சத்தம் கேக்குதா?" என்றேன். "உன் சத்தம்தான் வாத்யாரே காலைலேர்ந்து கேக்குது" என்றான்.

குளத்தைச் சுற்றிவிட்டுக் கோயிலுக்குள் நுழைந்தபோது உச்சிவேளை தாண்டியிருந்தது. எங்கள் கண்ணெதிரே சந்நிதிக் கதவைச் சாத்தினார்கள். "நடை சாத்தியாச்சு, சாயங்காலம் வாங்கோ" என்று யாரோ சொன்னார்கள். பழைய மரக்கதவு. சாத்தும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தத்தோடு சாத்திக்கொண்டது. தாமோதரன் என் குரலையே எடுத்து, "உத்தரவுன்னா உத்தரவுதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அழுகை நின்றுபோனது. அதுவரை கேட்டதைவிட அது நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பர்ஸை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு, பட்டப்பகலில் கொளுத்தும் வெயிலில், ஏறக்குறைய ஓடினேன்.

சந்தில் அவள் இல்லை, கூடையும் இல்லை. கோடு இருந்தது. நம்பினால் நம்புங்கள், காலையில் போட்டபடியே, ஒரு பொடி கலையாமல் இருந்தது. சைக்கிளும் மீன் வண்டியும் போகிற சந்து அது. கடற்காற்று வேறு. கோட்டுக்கு வெளியே, மணலில், ஈரக் காலடிகள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம், கூண்டில் அடைத்தது நடக்குமே அந்த மாதிரி. ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை.

பிறகுதான் என் காலடியில் பார்த்தேன். உள்பக்கத்தில், சின்னச் சின்னப் பாதங்கள். தட்டுத்தடுமாறி வந்திருக்கின்றன. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருக்கின்றன. திரும்பிப் போன தடம் இல்லை.

நடை பயிலும் குழந்தை எந்தக் கோலத்தை மிதிக்காமல் விட்டிருக்கிறது, சொல்லுங்கள்?

குனிந்து பார்த்திருக்க வேண்டும். நண்பர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கதவு திறந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கவாவது வேண்டும். அதற்குள் பின்னாலிருந்து, "இன்னா வாத்யாரே, பர்ஸ் கெட்ச்சுதா?" என்று தாமோதரனின் குரல். ஒரு கோலமாவுக் கோட்டின் முன்னால் நான் நடுங்கிக்கொண்டு நிற்பதை அவன் பார்த்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த நிமிஷம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. செருப்புக் காலால் கோட்டைத் தேய்த்தேன். பெரிய தடங்களையும் சின்னத் தடங்களையும் சேர்த்தே தேய்த்தேன்.

"கெடச்சுது" என்றேன்.

"அந்தம்மா எங்க?"

"போயிட்டாங்க."

"உள்ளயா, வெளியவா?" என்று சிரித்தான் அவன். அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே தடயத்தையும் அழித்தவன் நான்தான்.

அதற்குப் பிறகு யாரையும் எங்கும் கூட்டிப் போகவில்லை. குப்பத்தில் இரண்டு மூன்று பேரிடம் அவளைப் பற்றி விசாரித்தேன். "நனைஞ்ச புடவையோட வந்துச்சுன்னா யாருன்னு சொல்றது சார், இங்க எல்லாருந்தான் நனையிறோம்" என்றார்கள். நியாயம்தான். சில விடியற்காலைகளில் தனியாகப் போய் அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். "தொறந்துதாம்மா கீது, போ" என்று அவள் பேச்சிலேயே சொல்வேன். யாராவது வந்தால் இருமுவேன். இவ்வளவுக்கும் பிறகும் வெட்கம் விடவில்லை.

சில வருஷங்களுக்கு முன் அந்தச் சந்துக்கு சிமெண்ட் போட்டார்கள். காய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். புது சிமெண்டில் நாய் மிதிக்கும், பூனை மிதிக்கும், தெருக் குழந்தை ஏதாவது ஓடியிருக்கும், அதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு பாதம் பதிந்திருந்தது. என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். பக்கத்தில் இன்னொன்று இல்லை. விரல்கள் வடக்கே, குப்பத்தைப் பார்த்து இருந்தன.

கோடு போட்ட இடம் எது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். பாதம் அதற்கு ஒரு சாண் உள்ளே இருந்தது.